பெட்டிக்குள் பெட்டி போடுகிறவர்

எதையும் ஒரு பெட்டிக்குள் வைத்தால்தான் தூக்கம் வரும் என்றொரு மனித இனம் உண்டு. கைபேசிச் செயலிகளுக்குத் திரை அமைக்கும் நம்மவர் அந்த இனத்துக்கே தலைவர். அலுவலகத்தில் அவர் பெயரே பெட்டிக்காரர்தான்.

பொத்தானும் படமும் எழுத்தும் திரையில் சிதறாமல் நிற்க, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளில் அவற்றை அடுக்குவது வழக்கம். நியாயம்தான். நம்மவரோ பொத்தானுக்கு ஒரு பெட்டி போடுவார், அது இடப்பக்கம் சாய்வதாகத் தோன்றினால் நடுவில் நிறுத்த இன்னொன்று, இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு காலிப் பெட்டி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வெளியே பெரிதாக மற்றொன்று. கேட்டால், பாதுகாப்புக்கு என்பார். யாரிடமிருந்து? ஒன்றையாவது எடுக்கலாமே என்றால், பெற்ற பிள்ளையைத் தத்துக் கேட்டதுபோல முகம் சுண்டிவிடும்.

அன்று மருந்துக்கடை முதலாளி தன் கடைக்கான செயலியைப் பார்க்க வந்திருந்தார். அவர் வேண்டாம் என்றால் நம்மவருக்கு அங்கே வேலை இல்லை என்று மேலாளர் அம்மா முன்பே சொல்லியாகிவிட்டது. நம்மவருடைய கைபேசியில் எல்லாம் ஜோராக வந்தது. முதலாளி தன்னுடையதை எடுத்தார். பார்வை மங்கல்; எழுத்தை யானை அளவுக்கு வைத்திருந்தார். எழுத்து பெருக்க, பெட்டி பெருத்தது; அது அடுத்த பெட்டியைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, மருந்து கேட்கும் பொத்தான் திரையை விட்டே ஓடிப்போனது.

“பொத்தானக் காணோமே, தம்பி?”

“உள்ளதான் சார் இருக்கு.”

“எதுக்குள்ள?”

சத்தியமாக நம்மவருக்கே தெரியவில்லை. கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக உருவினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியபோது, பொத்தான் சமர்த்தாக வந்து நடுவில் நின்றது. முதலாளி அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வேலை பிழைத்தது.

“மேடம், அதச் சுத்தி சின்னதா ஒண்ணு...” என்று நம்மவர் ஆரம்பித்தார். மேலாளர் அம்மா விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பூட்டிய வீட்டு வாசலில், தோள்பைக்குள் கைப்பை, அதற்குள் பர்ஸ், அதற்குள் பிளாஸ்டிக் உறை என்று சாவியைத் துழாவிக்கொண்டே சிரிக்காதீர்கள். பின்னால் உங்கள் மொத்தக் குடும்பமும் நின்றுகொண்டிருக்கிறது.