ஐந்து சொட்டும் அரைப் புட்டியும்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு நேராக வயிற்றைக் கலக்கிவிடும். (பரீட்சை மண்டபத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட வெளியே ஓடிய நேரம்தான் அதிகம்.)

அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு வீட்டில் பெண் பார்க்க அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். பெண்ணின் அப்பா மேடை மேடையாகக் கள்ளுக்கு எதிராகப் பேசுகிறவர். எனக்கென்ன கவலை? நான் சோடாவைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

பஸ்ஸிலேயே வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. இறங்கியதும் அக்காவை நிழலில் நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் ஓமியோபதி சொட்டு மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அஞ்சு சொட்டு, தண்ணியில விட்டுக் குடிங்க. அதுக்கு மேல வேணாம் லா. நிக்கலன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க." (அந்த ஊரில் பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.)

ஐந்து சொட்டா? அது எறும்புக்கு வயிறு சரியில்லை என்றால் போதும். கடையை விட்டு வந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று, தண்ணீர்கூடக் கலக்காமல் அரைப் புட்டியைக் கவிழ்த்துக்கொண்டேன். தொண்டை எரிந்தது. நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்தார். உள்ளே கூட்டிப்போய், கூடத்தை எட்டியதும் பிடித்த கையைச் சட்டென்று விட்டார்.

"தம்பி, வர்ற வழியில எங்கயாச்சும் நின்னீங்களா?"

"ஆமா சார். தாங்க முடியல. அரை புட்டி உள்ள போனப்புறம்தான் தெம்பு வந்துச்சு."

"பட்டப்பகல்லயேவா?"

"வந்துட்டா பகல் என்ன, ராத்திரி என்ன சார்? அடக்க முடியாது."

அக்கா என் காலை மிதித்தாள். எனக்குப் புரியவில்லை.

"எவ்வளவு காலமா இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே சார். பரீட்சை வந்தா கண்டிப்பா உண்டு."

அவர் வாசலைக் காட்டக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து வயிறு மறுபடியும் புரட்டியது. சட்டைப்பையில் இருந்த புட்டியை நாற்காலியில் போட்டுவிட்டு, வாசலுக்கு நேர் எதிர்த்திசையில், கொல்லைப்புறம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது பெண் கூடத்தில் நின்றிருந்தாள். தாதியர் பயிற்சியில் இருந்தவள். கையில் என் புட்டி.

"அப்பா, இது வயித்துப்போக்கு மருந்து. ஸ்பிரிட்ல கலந்தது. அஞ்சு சொட்டு குடிச்சா வாடையே வராது. இவரு அரை புட்டியையும் குடிச்சிருக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனிமே இதைத் தொடாதீங்க. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. நாளைக்கும் நிக்கலன்னா கிளினிக் போய்க் காட்டுங்க. சும்மா விடாதீங்க."

என் முன்னாலேயே எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். நான் கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டே பெண் பார்த்தேன். (உண்மையில் அவள்தான் என் நாக்கு, கண் எல்லாவற்றையும் பார்த்தாள்.) வயிறு மறுநாள் அடங்கியது. மறுவாரம் சம்மதம் வந்தது. "பொய் சொல்லித் தப்பிக்கக்கூடத் தெரியல, பாவம்" என்றாளாம்.

மாமனார் மட்டும் கடைசிவரை விடவில்லை. எந்தக் கல்யாண விருந்தில் யார் என்னிடம் கிளாஸை நீட்டினாலும் நடுவில் புகுந்துவிடுவார்: "வேணாம் லா, நம்ம மாப்பிள்ளை கணக்காக் குடிக்கிறவரு. அஞ்சே சொட்டு!"