ஓடைக்கிணற்றுக் கயிற்றுப் போர்

சென்னியப்பன் எழுந்தான். பாயைச் சுருட்டினான். வேப்பங்குச்சியால் பல் விளக்கினான். அடுப்பு மூட்டி இரண்டு சொம்புத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவிட்டான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்றைக் குடிக்க வீட்டில் ஆள் இல்லை, முருங்கைக்கு ஊற்றினான். வாசலில் மாமியார் வைத்துவிட்டுப் போன கம்மங்கூழ்ச் சட்டி இருந்தது. அதை எடுத்துப் போய் எருமைக் கன்றின் தொட்டியில் கவிழ்த்தான். சட்டியைக் கழுவி வாசலிலேயே வைத்தான். சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வாழி அவன்! கஞ்சமலைக்குத் தெற்கே, கொல்லிமலைக்கு மேற்கே, கம்பும் சோளமும் கடலையும் விளையும் செம்மண் பூமியில், புதுச்சத்திரத்துக்கு இப்பால் அமைந்த ஆனைப்பாறை என்னும் மூதூரின் பஞ்சாயத்து போர்டுக்கு ஒரே குமாஸ்தாவாய், வரி தண்டுவோனாய், தெருவிளக்கு ஏற்றுவோனாய், அதனால் தெருநாய் அனைத்தாலும் நன்கு அறியப்பட்டோனாய் விளங்கியவன். சேலத்துக் காலேஜில் ரசாயனம் பயின்று, அந்த ரசாயனத்தைப் பிரயோகிக்க உலகில் ஒரே ஒரு கிணறு வாய்க்கப் பெற்றவன். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லும், கேளாத கேள்விக்கு அதுவும் இன்றியும் விடையிறுக்கும் சொற்சிக்கனச் செம்மல். அவன் புகழ் பாடப் புகுந்தோம். எட்டுத் திக்கின் காவலரும் சற்றே செவி சாய்த்து அருள்க. மழைத் தெய்வமும் கேட்கட்டும். இந்த வழக்கில் அதற்கும் பங்குண்டு.

போர் எதன் பொருட்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஊருக்குக் கிணறுகள் இரண்டு. ஒன்று ஓடைக்கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாதது. இளநீர் போல இனிப்பது. மாடு குளிப்பாட்டிய தண்ணீரையும், மழை அடித்து வரும் சாணத்தையும், இன்னும் சொல்லத் தகாத விருந்தினரையும் வேற்றுமை பாராமல் உள்ளே அழைத்துக்கொள்வது. மற்றது போர்டு கிணறு. போன ஐப்பசியில் வாந்திபேதி வந்து ஊரைக் கலக்கிவிட்டுப் போன பிறகு, போர்டு தீர்மானம் போட்டு மேட்டில் வெட்டியது. கல் சுவரும் இரும்பு உருளையும் மாடு ஏற முடியாத மேடையும் உடையது. தண்ணீர்தான் கொஞ்சம் சப்பென்றிருக்கும்.

அந்த ஐப்பசியில் போனவர்களில் சென்னியப்பனின் மனைவி ராசம்மாளும் ஒருத்தி. தீபாவளிக்குப் பலகாரம் சுட ஒத்தாசையாக, நாலு வீதி தள்ளி இருந்த தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே, தாய் கையால், ஓடைக்கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். இதைச் சென்னியப்பன் அறிவான். யாரிடமும் சொன்னதில்லை. தாய் கண்ணாத்தாள் அன்று முதல் மருமகனுக்கு நாள் தவறாமல் கூழ் கரைத்து வைத்துவிட்டுப் போகிறாள். அதுவும் ஓடைக்கிணற்றுத் தண்ணீர்தான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் ஏன் என்று ஆள் விட்டுக் கேட்பாள். ஆகையால் அவன் சொல்லவில்லை. கன்றுக்குட்டி கொழுத்தது.

இப்போது வைகாசி. ஆத்தூர்ச் சந்தைக்குப் போய் வந்த வண்டிக்காரர் ஒருவர் பக்கத்து ஊரில் வாந்திபேதியில் விழுந்துவிட்டார். செய்தி வந்ததும் போர்டு கூடியது. ஓடைக்கிணற்றை முள் வைத்து அடைப்பது, போர்டு கிணற்றில் மருந்து போடுவது, ஊரார் அதையே குடிக்கச் செய்வது எனத் தீர்மானமாயிற்று. முதல் இரண்டும் எளிது. மூன்றாவதைக் குமாஸ்தாவின் பொறுப்பில் விட்டு, பிரசிடெண்டு மயில்சாமி கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, இனி நடக்கப் போவது எதுவும் தமக்குத் தெரியாது என்பது போல வெற்றிலையில் சுண்ணாம்பு தடவலானார்.

நம் வீரன் ஊதா மருந்தைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினான். ஊரைக் காக்கும் ஆவேசத்தில் ஒரு கை கூடுதலாகவே ஊற்றிவிட்டான். இரவெல்லாம் வெளிறி, விடியும்போது குடிக்கத்தக்க பதத்தில், தண்ணீர் ரோஜா நிறமாய் நின்றது. ரசாயனத்தின்படி அது வெற்றி. ஆனைப்பாறையின்படி அது ஆலாத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்க வைத்த தண்ணீரைத் தலை சுற்றி, பட்ட கண்ணெல்லாம் அதில் இறக்கி, முச்சந்தியில் கொட்டுவது அவ்வூர் வழக்கம். கொட்டிய இடத்தை மிதிக்கவும் அஞ்சித் தாண்டிப் போவார்கள். அப்படியிருக்க, ஒரு கிணறு நிறைய ஆலாத்தி! உலகத்துக் கண்ணேறு முழுவதையும் கழித்து ஊற்றி வைத்தாற்போல் நின்ற அந்த நீரை எவள் மோந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள்?

எழுந்தது சேனை. பித்தளைக் குடங்கள் இளவெயிலில் யானை மத்தகங்களெனப் பளபளக்க, தாம்புக் கயிறுகள் தோள்களில் நாகங்களெனத் தொங்க, காதில் தண்டட்டிகள் போர்மணிகளென ஆட, கொண்டையில் செருகிய கனகாம்பரம் வெற்றிக்கொடியெனச் சிவக்க, புழுதி எழுந்து கதிரவன் தும்ம, ஆனைப்பாறையின் மகளிர் மேட்டுக் கிணற்றுக்கு முதுகு காட்டி, ஓடையை நோக்கி, அலை புரண்டாற்போல் இறங்கினர். பிரசிடெண்டின் மனைவி சின்னாயி இடப்பக்கப் படைக்குத் தலைமை. நடுவே, தன் எருமையை முன்னே ஓட்டிக்கொண்டு, வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாய், யாரும் எதிர்த்துப் பேசிப் பிழைத்ததில்லை என்ற பேர் பெற்ற கண்ணாத்தாள் வந்தாள்.

ஓடைக்கிணற்றின் வாயில் முள்படலைச் சாத்தி, அதன்முன் தனியனாய் நின்றான் சென்னியப்பன். கேடயம் இல்லை. வாள் இல்லை. போர்டு முத்திரை மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு சிக்கல். மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுவது அந்தக் குடும்பத்து வழக்கம் அன்று. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எனவே கண்ணாத்தாள் பாதி முதுகைக் காட்டி நின்று, தன் எருமையையே தூதாகக் கொண்டு, போர்முரசம் அறைந்தாள்.

“ஏ எருமை, நல்லாக் கேட்டுக்க! மாப்பளை காலேசுப் படிப்புப் படிச்சவருங்க. நாம காடு கரையில கெடக்கற சனம். ஆலாத்தியக் குடிச்சு நமக்குப் பழக்கமில்லைன்னு சொல்லு. அந்த முள்ள அக்கட்ட இழுத்துப் போடச் சொல்லு!”

எருமை அசை போட்டது. சென்னியப்பனும் முறை தவறாதவன். அவனும் எருமையைப் பார்த்தே சொன்னான்.

“இந்தத் தண்ணி வேண்டாமுங்க.”

“அடி ஆத்தீ!” என்றாள் சின்னாயி. “இத்தனை மருவாதி எங்கூட்டுக்காரரு என்னைக்கும் எனக்குக் குடுத்ததில்லையே! அடுத்த சென்மத்துல எருமையாப் பொறக்கோணும்டி!”

தொலைவில் புளியமரத்தடியில் நின்ற பிரசிடெண்டு மயில்சாமி மரத்துக்கு அப்பால் நகர்ந்துகொண்டார்.

சிரிப்பொலி அடங்குமுன் கண்ணாத்தாள் மாட்டுக்கோலால் முள்படலை ஒரு நெம்பு நெம்பினாள். கோட்டைக் கதவு விழுந்தது. மின்னல் வெட்டும் நேரத்தில் குடத்தின் கழுத்தில் சுருக்கு மாட்டி, கிணற்றில் இறக்கினாள். குடம் பாதாளம் புகுந்து கபக்கென்று நீர் குடித்தது. கயிற்றின் மறுமுனை அவளுக்குப் பின்னால் தரையில் நெளிந்து கிடந்தது. கண்டான் நம் வீரன். பாய்ந்தான். தேவரும் அசுரரும் மலையை மத்தாக்கிப் பாம்பைக் கயிறாக்கிக் கடல் கடைந்த அந்நாளில், வால் பக்கம் நின்றவர்கள் எவ்வளவு ஆவேசத்தோடு பற்றினார்களோ அவ்வளவு ஆவேசத்தோடு அந்த வால்முனையைப் பற்றி, பல்லைக் கடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, தன் ஏழு மாதத்து மௌனத்தையும் தோளில் ஏற்றி, பின்னோக்கி இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே போனான். குடம் நிறைந்த நீரோடு, துளி சிந்தாமல், மெல்ல மேலே ஏறி வந்து கிணற்றங்கரையில் அமர்ந்தது.

“மாப்பளை நமக்குத் தண்ணி சேந்தியல்ல குடுக்கறாரு!” என்றாள் சின்னாயி. “இன்னொரு கொடம் இருக்குதுங்க, இதையும் சேந்திப் போடுங்க சாமி!”

சேனை ஆர்ப்பரித்தது. ரசாயனம் பயின்ற அளவுக்கு அவன் இயற்பியல் பயிலவில்லை.

தவறு உணர்ந்தும் அவன் கயிற்றை விடவில்லை. குடத்தருகே கண்ணாத்தாள், கடைமுனையில் அவன். ஒருவரை ஒருவர் தொடலாகாது, பார்க்கலாகாது. நடுவே விறைத்த கயிறு மட்டும் நடுங்கியது. அவள் இழுத்தால் அவன் ஓரடி முன்னே வந்தான். அவன் இழுத்தால் குடம் ஓரடி நகர்ந்தது. காக்கைகள் கரைவதை நிறுத்தின. எருமை சாணம் போட்டது.

மூச்சு வாங்க, கண்ணாத்தாள் எருமையிடம் கடைசி முரசம் அறைந்தாள்.

“எம்மாமியாளும் இதைத்தான் குடிச்சா. நானும் இதைத்தான் குடிச்சேன். எம்மவளும் இந்தத் தண்ணியத்தான்…”

அங்கே நின்றுவிட்டாள்.

போர்க்களம் அடங்கியது. இப்போது சென்னியப்பனின் அம்பறாத்தூணியில் ஒரே ஓர் அத்திரம் இருந்தது. ஏழு மாதமாய்க் கூர் மழுங்காமல் இருந்தது. எய்தால் தவறாது. எதிரி எழவே மாட்டாள், ஓடைக்கிணறு என்றைக்குமாக அடைபடும், ஊர் பிழைக்கும். ஒரு வாக்கியம் போதும். பெரும்படைகளை எரித்த வீரர்கள் எல்லாம் இத்தகைய தருணத்தில் நாணேற்றத் தவறியதில்லை. அவன் வாயைத் திறந்தான். குடத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். கயிற்றை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

அந்த மௌனத்தைக் கண்ணாத்தாள் கேட்டாள்.

வழக்கத்தை மீறி அவன் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கயிற்றை விட்டுவிட்டாள்.

விட்டதும், முழு வலுவோடு இழுத்துக்கொண்டிருந்த நம் காவிய நாயகன், வேரற்ற தேக்கு சாய்ந்தாற்போல், கோபுரம் சரிந்தாற்போல், எருமை சற்றுமுன் இட்டிருந்த மெத்தையின்மேல் மல்லாக்க விழுந்தான். குடம் உருண்டு, ஓடைக்கிணற்றுத் தண்ணீர் முழுவதும் அவன் காலடியில் கொட்டி மண்ணில் வற்றியது. வென்றவர் யார் என்று வானோர் தம்முள் வாதிட்டனர். சின்னாயி கூடச் சிரிக்கவில்லை.

கண்ணாத்தாள் குடத்தை எடுத்தாள். சுருக்கை அவிழ்த்தாள். மேட்டை நோக்கி நடந்தாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டுப் பழக்கமில்லை. சேனை பின்தொடர்ந்தது. சேனைக்குப் பின்னால் எருமை. அதன் பின்னால், முதுகு முழுக்கச் சாணத்தோடு, வெற்றி வீரன்.

போர்டு கிணற்றில் குடம் இறங்கியது. உருளை கிறீச்சிட்டது. சிவப்புத் தண்ணீர் வெளிச்சத்துக்கு வந்தது. பெண்கள் இரண்டடி பின்வாங்கினர். கண்ணாத்தாள் ஒரு சொம்பு மோந்தாள். யோசித்தாள். ஆலாத்தி என்றால் ஆலாத்தி. அதற்கு உரிய மரியாதையைச் செய்துவிட்டால் மிச்சம் தண்ணீர்தானே. சொம்போடு வந்து சென்னியப்பனுக்கு நேர் எதிரே நின்றாள். கல்யாணத்தன்று ராசம்மாளும் அவனும் சேர்ந்து நின்றபோது யாரோ சுற்றிப் போட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் சுற்றவில்லை. வலப்பக்கம் மூன்று முறை, இடப்பக்கம் மூன்று முறை. அவன் அசையாமல் நின்றான். கண்ணில் சாணத் துளி ஏதோ பட்டிருக்க வேண்டும், துடைத்துக்கொண்டான். அவள் போய் முச்சந்தியில் கொட்டிவிட்டு வந்தாள்.

பிறகு இரண்டாவது சொம்பு மோந்தாள்.

காற்று நின்றது. திக்குக் காவலர் யானைகளை அதட்டி அமைதி காக்கச் செய்தனர். கொல்லிமலை தலை நீட்டியது. பிரசிடெண்டு மரத்தைவிட்டு வெளியே வந்தார். ஊரின் விதி, போர்டின் மானம், இனி வரப்போகும் ஐப்பசிகள் அத்தனையும் அந்தச் சொம்பின் விளிம்பில் தொங்க, கண்ணாத்தாள் அண்ணாந்து, வாய் படாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வாயைத் துடைத்தாள். முகம் சுளித்தாள். இதோ, தலைமுறைகள் கல்லில் வெட்டி வைக்கப்போகும் பிரகடனம் அவள் திருவாயினின்று பிறக்கப்போகிறது என்று ஊரே மூச்சடக்கி நிற்க, அவள் எருமையைப் பார்க்கவில்லை. சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

“நாளைக்குக் கூழு இந்தத் தண்ணியிலயே கரைக்கறனுங்க, மாப்பளை.”