எருமைப்பால் பொத்தான்

இனிமேல் ராத்திரியில் மனுஷனைப் போலப் படுத்துத் தூங்குவது என்று உக்கிரபாண்டி முடிவு கட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு. மதுரையே தூங்கும்போது அவர் விழித்திருப்பார். அவர் கண் அசரும்போது அவர் குடியிருந்த பொன்னகரம் முழுக்க எழுந்து உலக்கை போடும். மனைவி ஜெயக்கொடியோடு நிதானமாக நாலு வார்த்தை பேச வேண்டுமானால் ஆலைக்கு லீவு விழ வேண்டும். தன் வீட்டுக்கே விருந்தாளி போல வந்து போகிறோம் என்ற ஏக்கம் அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

தப்பிக்கும் வழி ஒரு பழைய பத்திரிகையில் கிடைத்தது. சீமையில் பாலைத் திரித்து, பிழிந்து, அழுத்தி, ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சட்டைப் பொத்தான் செய்கிறார்களாம். கொம்பு மாதிரி இறுகிவிடுமாம். உக்கிரபாண்டி யோசித்தார். பசும்பாலே அப்படி இறுகுமென்றால், நம் வீட்டு எருமையின் கெட்டிப்பால் எப்படி இறுகும்? அந்தப் பொத்தானைத் துப்பாக்கிக் குண்டுகூடத் துளைக்காது.

ஜெயக்கொடி அந்தப் பாலைக் காப்பி கிளப்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை மடக்க அவர் ஒரு பிரசங்கமே செய்தார். அவள் தலையில் செருகியிருந்த சீப்பு செல்லுலாய்டு. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரத்தோடு பிசைந்து செய்வது. சூடு காட்டினால் இளகும், நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும். ஆலையில் இருக்கும் கறுப்பு சுவிட்சு அப்படியில்லை. அது பேக்லைட். மாவாக இருப்பதைக் கொதிக்கிற அச்சில் போட்டு அழுத்துவார்கள். ஒருதரம் இறுகினால் இறுகினதுதான், அப்புறம் எந்தச் சூட்டுக்கும் இளகாது.

ஜெயக்கொடி சாணி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நம்ம பாலு எந்த ரகம்? சீப்பா, சுவிச்சா?"

பத்திரிகையில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. உக்கிரபாண்டி ஒரு கணம்தான் தயங்கினார்.

"சுவிச்சுதேன்."

காப்பி கிளப்புக்குப் பால் நின்றது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சின்னச்சாமி, செத்த உடம்பு கெடாமலிருக்க ஊற்றுகிற அந்த மருந்துத் தண்ணீரில் ஒரு குப்பி கொடுத்து, மோந்து பார்த்துவிட வேண்டாம் என்று எச்சரித்தார். உக்கிரபாண்டி மோந்து பார்த்தார். அன்று முழுக்க எருமையைக் கண்டாலும் கண்ணீர் வந்தது.

பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். திரிந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். மாவாகப் பிசைந்து, குழவிக்கல்லை மேலே ஏற்றி அழுத்தி, மருந்துக் குப்பியின் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, கோணி ஊசியால் துளை போட்டார். முதல் ஈடு எண்ணெய் வடிந்து, வெடித்து, காறல் வாடை அடித்தது. எருமைக்குப் புல் சரியில்லை என்று ஜெயக்கொடியைக் கடிந்துகொண்டார். அவள் அடுத்த ஈட்டுக்குப் பால் காய்ச்ச அடுப்பு மூட்டப் போனாள்.

அடுத்த ஈடு பொத்தானாகவே வந்தது. ஊறவைத்து, உலர்த்தி, மணலிலும் சாம்பலிலும் தேய்த்ததும் தந்தம் போல் மின்னியது. உக்கிரபாண்டி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள்கூடத் தாங்காமல் புளித்துப்போகிற வஸ்து இப்படி நின்றுவிட்டதே. தன் பிழைப்பும் இப்படி ஓரிடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தார். நாளைக்கே ஆலையில் கணக்கு முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

"தாராளமா முடிச்சுட்டு வாங்க," என்றாள் ஜெயக்கொடி. "அதுக்கு முந்தி ஒண்ணு. இத உங்க சட்டையில தைக்கிறேன். சட்டைன்னா வெள்ளாவிக்குப் போகாமயா இருக்கும்? ஒரு வெள்ளாவி கண்டு வரட்டும். பொத்தான் நின்னுச்சுன்னா நீங்க ராத்திரி வீட்டுல தூங்குங்க. நிக்கலன்னா ஆலைக்குப் போங்க. எருமையும் எனக்கு, பாலும் எனக்கு. வேலை விட்டு வந்தொடன எருமையக் குளுப்பாட்டுறது உங்க பொறுப்பு."

"நான்தேன் சொன்னேன்ல, சுவிச்சுன்னு. எந்தச் சூட்டுக்கும் அசையாது."

"அதேன், போட்டுப் பாப்போம்ங்கிறேன்."

சலவைக்காரர் சின்னான் வைகைக் கரையில் சட்டையை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, வெள்ளாவிப் பானையில் ஏற்றி, அவித்து, அலசிக் கொண்டுவந்தார். சட்டை வெளுத்து வந்தது. பொத்தான்கள் ஊறவைத்த மொச்சை போல உப்பி, துளை மூடி, நூலில் நசநசவென்று தொங்கின. ஒன்று கையோடு வந்துவிட்டது. என் பாட்டனார் காலத்திலிருந்து இப்படி ஒரு பொத்தானைக் கண்டதில்லை என்றார் சின்னான்.

"சீப்புமில்ல, சுவிச்சுமில்ல," என்றாள் ஜெயக்கொடி. "பாலுதேன். அவிச்சா அது பொங்கத்தானே செய்யும்?"

ஆலைக்குக் கிளம்புமுன் உக்கிரபாண்டி சோற்றுக்கு உட்கார்ந்தார். தோற்றாலும் மனசில் ஒரு மூலை தோற்கவில்லை. உவர்மண் தின்றுவிட்டது, சரி. ஆனால் இறுகியதே? பாலைக் கல்லாக்கியது இந்தக் கைதானே? அதை யாராலும் பிடுங்க முடியாது. அந்த நிம்மதியில் ஒரு கவளம் வாயில் வைத்தார். நெய் கமகமத்தது.

"நெய் ஏது? பாலு அம்புட்டும் பொத்தானுக்குல்ல போச்சு?"

ஜெயக்கொடி கரண்டியை மறுபடி சாய்த்தாள்.

"மொத ஈடுக்கு முழுப்பாலுதேன் குடுத்தேன், வெடிச்சுப் போச்சு. பெறகு மனசு கேக்கல, ஆடைய வழிச்சுட்டுத்தேன் குடுத்தேன். அதேன் கெட்டியா வந்துருச்சு. இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?"