அளப்பவர் வீட்டுக் கசிவு

அளப்பவர்கள் என்றோர் இனம் உண்டு. கதை அளப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வாயால் அளக்கிறார்கள், காது கொடுத்தவனைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. இவர்கள் நிஜமாகவே அளப்பவர்கள். கடைக்காரர் அளந்து கொடுத்த துணியை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை அளப்பார்கள். காய்ச்சல் விட்டு அசந்து தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பி, விட்டுவிட்டதா என்று அளப்பார்கள். கட்டில் நுழையுமா என்று வாசலை அளந்துகொண்டே நின்று, கட்டில் நுழைய வழிவிட மாட்டார்கள். இதை எழுதுகிறவனையும் அந்த இனத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் பேச்சையெல்லாம் நம்பாதீர்கள்.

நம்மவர் குடிநீர் வாரியத்தில் மதிப்பீட்டாளர். தண்ணீரை மிச்சப்படுத்த வாரியம் ஏதாவது செய்தால், உண்மையிலேயே மிச்சமானதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. சிக்கனக் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குழாய் வாயில் திருகிக்கொள்ளும் சல்லடை மூடி ஒன்றை வாரியம் கொண்டுவந்தது. மாட்டினால் தண்ணீர் கொட்டாது, நூலாக இறங்கும். முதலில் ஒரு தெருவில் மாட்டிப் பார்ப்பது. செலவு குறைந்தால் அந்தத் தெருவுக்கு நாள் முழுக்கத் தண்ணீர். குறையாவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். எந்தத் தெரு? நம்மவர் கை தூக்கினார்.

"எங்க தெருவையே எடுத்துக்குங்க சார். என் கண்ணு முன்னாடியே இருக்கும்."

தெரு பல்லைக் கடித்துக்கொண்டு சிக்கனம் பழகியது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பாட்டுப் பாடாமல் குளித்தார். பாடினால் குளியல் நீள்கிறதாம். எதிர்வீட்டுப் பெண் துணி அலசிய தண்ணீரிலேயே தரையைத் துடைத்தாள். கைக்குழந்தைக்காரி.

"உங்களைத்தான் சார் நம்பியிருக்கோம். ஒரு மணி நேரத் தண்ணியில பிள்ளைத் துணியை எப்படி அலசறது?" என்றாள்.

நம்மவர் வீட்டில்? விடிந்ததும் சமையலறைக் குழாயடியில் லிட்டர் ஜாடி, கையில் கடிகாரம். ஜாடி நிரம்பும். கொட்டுவார். "கொஞ்சம் முந்தித் திறந்துட்டேன் போல" என்று மறுபடி பிடிப்பார். அப்புறம் குளியலறை, அப்புறம் கொல்லைக் குழாய், சமையலறைக்கு ஏதாவது அநியாயம் நடந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் மறுபடி சமையலறை. யாராவது வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூடியோடு ஒரு ஜாடி, மூடி இல்லாமல் ஒரு ஜாடி, புரியாதவர்களுக்கு இன்னொரு தரம். ஒரு நாள் மச்சான் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். இத்தனையையும் பார்த்துவிட்டுத் தாகத்தோடு திரும்பிப் போனார்.

"ஏங்க, கொட்டுற தண்ணியை ஒரு வாளியிலயாவது ஊத்தக் கூடாதா?" என்றாள் மனைவி.

"குறுக்கே வாளியை வெச்சா கவனம் சிதறும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அளக்கச் சொன்னாங்க, சரி. ஆத்துலயேவா போடச் சொன்னாங்க?"

மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. தலைமைப் பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரியத்தில் அது நல்ல சகுனம் இல்லை.

"எல்லா வீட்டுலயும் குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு வீட்டுல மட்டும் ஏறியிருக்கு. மொத்தத் தெருவும் மிச்சம் பிடிச்சதை அந்த ஒரு வீடு முழுங்கிடுச்சே! இப்படியே போனா ஒரு மணி நேரம்தான். யார் வீடுய்யா அது?"

நம்மவருக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க வீடுதான் சார். எங்கேயோ கசிவு இருக்கு. ஒரு மாசம் குடுங்க, கண்டுபிடிச்சு அடைச்சிடறேன்."

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கசிவைத் தேடி ஒவ்வொரு குழாயாகத் திறந்தார், மூடினார், திறந்தார், ஜாடியில் பிடித்தார், கொட்டினார். மனைவி இடுப்பில் கை வைத்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கசிவு எங்கேன்னு நான் காட்டவா?"

அவர் கையிலிருந்த ஜாடியை வாங்கினாள். துடைத்தாள். அதில் சர்க்கரையைக் கொட்டி, மூடி, மேல்தட்டில் ஏற்றினாள்.

"அடைச்சாச்சு."

அந்த மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குழாயைக் கண்டால் கை பரபரக்கும். சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடப்பார். ஆனால் மீட்டர் அடங்கி ஓடியது. தெருவுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் நிலைத்தது. "எல்லாம் உங்களாலதான் சார்" என்று எதிர்வீட்டுப் பெண் கும்பிட்டபோது, அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தார். அறிக்கையில் கசிவுக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'மதிப்பீடு' என்று உள்ளபடியே எழுதினார். தட்டச்சுப் பிழை என்று மேலிடம் அதை அடித்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டுக் குழாயில் ஒரு செம்பு நிரம்ப எவ்வளவு நேரமாகும்? தெரியாதா? எங்கே எழுந்துவிட்டீர்கள்? சரி, போய்ப் பாருங்கள், ஒரே ஒரு செம்புதானே. நான் வரவில்லை. எங்கள் வீட்டு ஜாடியில் இன்னும் சர்க்கரை இருக்கிறது.