ஃபெலிம் அண்ணன் சாவுக்கு எந்தத் தொகுதி எம்.பி. வருவார்?

லீட்ரிம் மாவட்டம்,
ஜூன் 2012

அன்புள்ள டிம்ப்னா அக்காவுக்கு,

தம்பி யூஜின் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். லீட்ஸில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நம் பெரியப்பா மகன் ஃபெலிம் அண்ணனை நேற்று நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டோம். நல்லபடியாக என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன், பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணனின் கடைசி ஆசை உனக்குத் தெரியாது. டெக்லான் கீவ்னி எம்.பி. வந்து தன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்பதுதான். டெக்லானுக்கும் அதற்கு முன் அவன் அப்பாவுக்கும் வாழ்நாள் முழுக்க வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர். போஸ்டர் கட்டக் கம்பத்தில் ஏறி, விழுந்து, இடுப்பை ஒடித்துக்கொண்டவர். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் தொகுதி எல்லைக் குழு நம் மாவட்டத்தை இரண்டாகக் கிழித்து, நம்மை ராஸ்காமனோடு ஒட்டியதே, அதிலிருந்து டெக்லான் ஸ்லைகோ பக்கத்து எம்.பி., நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதற்கப்புறம் வந்த இரண்டு தேர்தலிலும் ஓட்டுச்சீட்டின் அடியில் டெக்லான் பேரைத் தானே எழுதி, பக்கத்தில் முதல் விருப்பம் என்று ஒன்றும் போட்டுவிட்டு வந்தார். இரண்டும் செல்லாத ஓட்டு.

எனக்கு இந்த எல்லை விஷயம் பெரிய அதிசயமாக இருக்கிறது அக்கா. நாம் பிறந்தபோது லீட்ரிம் தனியாக ஒரு தொகுதி. அப்புறம் ஸ்லைகோவோடு சேர்த்தார்கள். அப்புறம் நம்மை ராஸ்காமனுக்குத் தள்ளினார்கள், மறுபடி ஸ்லைகோ, மறுபடி ராஸ்காமன். நான் பிறந்த கட்டிலில்தான் இன்னும் படுக்கிறேன், கட்டில்தான் ஊர் ஊராகப் போய்வருகிறது. ஏன் என்று விசாரித்தேன். ஒரு எம்.பி.க்கு இத்தனை தலை என்று கணக்காம். தராசு நேராக நிற்கக் கடைக்காரர் கடைசியில் போடும் உருளைக்கிழங்கு நாம்தான்!

சரி, சாவு வீட்டுக்கு வருகிறேன். மதுக்கடை லியாமை உனக்கு நினைவிருக்கும், நாக்கில் சனி. சாண்ட்விச்சை மென்றுகொண்டே, "ஓட்டில்லாத வீட்டுக்கு எந்த எம்.பி.டா வருவான்? நம்ம எம்.பி. அந்த ராஸ்காமன்காரனே இன்னும் தலை காட்டல, செத்தவருக்குப் பூசை வைக்கிறதாச் சொல்லி ஒரு அட்டைகூட அனுப்பல. டெக்லானா வரப் போறான்?" என்றான். அண்ணி நோரீன் காதில் விழும்படியே சொன்னான். பாதிரியார் இருமுகிறார், சவப்பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அண்ணியோ பெட்டி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பொறுங்க, அவன் வருவான்" என்கிறார்.

அப்போது வாசலில் கார். டெக்லானேதான், கறுப்பு டையோடு! வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் துக்கம் சொன்னான். அண்ணியிடம், "ஃபெலிமுக்காக வந்தேன் அண்ணி. ஓட்டுக்கா வந்தேன், ஓட்டுதான் இங்க இல்லையே" என்றான். கல்லறைவரை தோள் மாற்றாமல் தூக்கினான். நான் அழுதேன், வெட்கப்படவில்லை. அரசியல்வாதியிலும் மனிதன் இருக்கிறான் அக்கா.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்காலுக்கும் சேர்த்து மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
யூஜின் கில்ரேன்

பி.கு.: உறையை ஒட்டும்போது லியாம் செய்தித்தாளோடு ஓடிவந்தான். எல்லைக் குழுவின் புது அறிக்கை வியாழக்கிழமையே, அடக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். சாவு வீட்டில் யார் செய்தி கேட்டார்கள்? லீட்ரிமை மறுபடி ஒன்றாக்கி ஸ்லைகோவோடு சேர்க்கிறார்கள். அடுத்த தேர்தலில் நாம் டெக்லானுக்குத்தான். ராஸ்காமன்காரர் ஏன் வரவில்லை என்பதும் விளங்கிவிட்டது. அண்ணி மனசு உடைந்துவிடுமே என்று மெல்ல விஷயத்தைச் சொல்லப் போனேன். அவர் தேநீரை ஊற்றிக்கொண்டே, "தெரியும் யூஜின். ரொட்டி வெட்டறப்பவே ரேடியோவில கேட்டுட்டேன். அதனாலதானே மூடியை மூட விடல? உங்க அண்ணன் டெக்லான் வரணும்னுதான் கேட்டாரு. எதுக்கு வரணும்னா கேட்டாரு?" என்றார்.