டோர்கஸுக்குப் பத்து வயசான கதை

டோர்கஸுக்குப் பத்து வயசு முடிஞ்சுது. அங்கதான் எல்லாம் நாசமாப் போச்சு!

கெஸியா மகளுக்குப் பிறந்தநாள் முத்தம்கூடக் குடுக்கல, அதுக்குள்ள அளவு நாடாவோட உள்ள வந்துட்டார் ஹார்பட்டில். லண்டன்ல செயின்ட் ஆஸித் வட்டாரத்தை நிர்வாகம் பண்ற பங்குச் சபையோட சுகாதாரத் தொல்லைகள் ஆய்வாளர். மனுஷனோட உத்தியோகப் பேரே அதுதான்.

"நீளம் பதினாலு, அகலம் பத்து, உயரம் ஏழரை. ஆயிரத்து அம்பது கன அடி. தூங்குற அறையில பெரியவங்க தலைக்கு முன்னூறு கன அடி காத்து வேணும், பத்து வயசுக்குள்ள இருந்தா அதுல பாதி. உங்க நாலு பேருக்கு நேத்து வரைக்கும் சரியா இருந்துது. இன்னிக்கு நூத்தம்பது குறையுதும்மா."

"ஏன் ஐயா, நேத்து விட்ட மூச்சுதானே இன்னிக்கும் விடறா?"

"சட்டப்படி, காலையிலேர்ந்து அவ மூச்சு ரெட்டிப்பாயிடுச்சு."

கெஸியா கொழுந்தனை இழுத்து முன்னாடி நிறுத்தினா. "இதோ சைலஸ். ஒரு நுரையீரல் வேலையே செய்யல. இவனை அரை ஆளா எழுதிக்கோங்க."

சைலஸும் ஒத்தாசையா இருமிக் காட்டினான்.

"தள்ளுபடி வயசுக்குத்தான், வியாதிக்கு இல்ல."

"அப்போ கூரையைக் கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?" கட்டிலுக்கு அடியிலேர்ந்து புருஷன் ஒபதையா கேட்டான். பூட்ஸைத் தேடிக்கிட்டு இருந்தான்.

"உன் கூரை மாடிக்காரனுக்குத் தரைய்யா! அவன் காத்தைத் திருடுவியா?"

வெள்ளிக்கிழமைக்குள்ள நூத்தம்பது கன அடி காட்டணும், இல்லேன்னா குடும்பமே காலி பண்ணணும். பர்டாக் சந்துல இருக்குற இந்த அறையை விட்டா அவங்களுக்குப் போக்கிடமே கிடையாது.

வியாழக்கிழமை கெஸியா சந்து சனத்தையே திரட்டிக்கிட்டு சபைக்குப் போனா. உள்ள இருபத்திரண்டு கனவான்கள், குப்பைமேடு விஷயமா மூணாவது மணி நேரம் ஆழ்ந்து ஆலோசிச்சிட்டு இருந்தாங்க.

"முதல்ல உங்க அறையை அளங்க!"ன்னா கெஸியா.

தலைவர் கருணையோட சிரிச்சார். "இந்தச் சட்டம் ஆளுங்க தூங்குற அறைக்கு மட்டும்தான், பெண்ணே."

அந்த நேரம் பாத்து மூணாவது வரிசையிலேர்ந்து ஒரு குறட்டை! அப்புறம் ரெண்டாவது வரிசையிலேர்ந்து ஒண்ணு. எண்ணிப் பாத்தா ஏழு பேர்.

ஹார்பட்டில் நேர்மையான ஆளு. சபையில ஓரமா நின்னுட்டு இருந்தவர் நாடாவைப் பிரிச்சார். "ஆறாயிரம் கன அடி. இருபத்திரண்டு பேருக்கு ஆறாயிரத்து அறுநூறு வேணும். ரெண்டு கனவான்கள் உடனே வெளியேறணும்."

யாரும் அசையல. "அவர்தான் குண்டு, அவரை அனுப்புங்க"ன்னு ஒருத்தர். "நான் மூச்சைக் குறைச்சே விடறேன்"ன்னு இன்னொருத்தர். கடைசியில தலைவர் எழுந்து, பொதுமக்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டுப் புதுசா, பெருசா ஒரு மண்டபம் கட்டுவதென்றும், அதுவரைக்கும் யார் அறையையும் அளப்பதில்லை என்றும் தீர்மானம் போட்டார். தூங்கினவங்களை ஆதரவுன்னு கணக்கு வெச்சதால ஏகமனதா நிறைவேறிடுச்சு!

சந்து சனம் விசில் அடிச்சு, தொப்பியைத் தூக்கிப் போட்டு, கெஸியாவைத் தோள்ல தூக்கிட்டாங்க. அந்தக் கூத்துல தீர்மானத்தோட கடைசி வரி யார் காதுலயும் விழல. மண்டபம் எழும்பப்போற இடம்: பர்டாக் சந்து.

ஒரே மாசம். சந்து தரைமட்டம்.

இப்போ பக்கத்துச் சந்துல ஒரே அறையில பதினொரு பேர். கெஸியா குடும்பம் நாலு, மாடிக்காரன் குடும்பம் ஏழு. திரும்பிப் படுக்கணும்னா எல்லாரும் சேர்ந்துதான் திரும்பணும். அங்க உக்காந்து டோர்கஸ் சபையோட வருடாந்திர சுகாதார அறிக்கையை எழுத்துக்கூட்டிப் படிச்சா: "பர்டாக் சந்தில் இட நெரிசல் அறவே ஒழிக்கப்பட்டது."

"நம்ம பேரு போட்டிருக்கா?"ன்னு மாடிக்காரன் ஆசையா கேட்டான்.

"போட்டிருக்கு. ஒத்துழைப்பு நல்கிய குடியிருப்பாளர்களுக்கு நன்றியாம்."

கெஸியா வாயைத் திறக்கல. திறந்தா காத்து செலவாகும்.

நீங்க சொல்லுங்க, உங்க ஊர்லயும் இப்படி ஒரு நல்லது நடந்துச்சா? நீங்களும் கைதட்டினீங்களா?