கீமோ வார்டில் கருத்துக் கேட்டவர்

கருத்துச் சொல்லும் ஆசாமிகளை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸிலும் பந்தியிலும் அவர்களிடமிருந்து தப்பிக்க நீங்கள் பழகியிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு இனம். இவர் கருத்துச் சொல்ல மாட்டார். கேட்பார். குனிந்து, நெஞ்சில் கை வைத்து, "உங்க கருத்துத்தானுங்க எங்களுக்கு முக்கியம்" என்று கேட்பார். கல்யாணப் பத்திரிகையை ஆயிரம் பிரதி அச்சடித்து இறக்கிவிட்டு, "வாசகம் எப்படிங்க மாமா இருக்குது?" என்பவர் இவர்தான். கான்கிரீட் போட்ட பிறகு சமையல் ரூம் எந்தப் பக்கம் வேண்டும் என்று மனைவியைக் கேட்பவரும் இவர்தான். இவருக்குப் பதில் எதற்கு? கேட்டோம் என்ற பெயர் போதும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம்தான் கொழுத்து வளர்கிறது. காரணம் எங்கள் மரியாதை. இங்கே யாரிடம் எதை நீட்டினாலும் முதலில் "நல்லா இருக்குங்க" என்பார்கள். காப்பியில் ஈ கிடந்தாலும் அப்படித்தான். அது வெறும் வணக்கம். பிறகு ஒரு மூச்சு விட்டு, கழுத்தைச் சொறிந்து, "ஒண்ணே ஒண்ணுதானுங்க..." என்று இழுப்பார்கள். விஷயம் அங்கேதான் ஆரம்பம். நம்ம கருத்துக் கேட்பவரோ அந்த மூச்சு விடும் நேரத்தில் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்திருப்பார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் இந்த ஊரில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பெயர் வேண்டாம், பிழைப்பு இருக்கிறது. போன வருஷம் எங்களுக்கு ஒரு சாப்ட்வேர் செய்துதர தீபக் என்பவர் வந்தார். கணபதியில் ஆபீஸ், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அழிக்கவே முடியாத ஒரு புன்னகை.

அவர் சொன்ன நோக்கத்தில் குறையே இல்லை. கேன்சருக்கு ஒரு டாக்டர் போதாது. அறுப்பவர் ஒருவர், மருந்து ஏற்றுபவர் ஒருவர், கதிர் கொடுப்பவர் ஒருவர். இவர்களுக்கு நடுவே லேப், பார்மசி, நர்ஸுகள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போனால் நோயாளியின் கதி அதோகதி. "எல்லாரையும் ஒரே ஸ்கிரீன்ல கொண்டுவந்துடறேனுங்க" என்றார் தீபக். கொண்டுவரட்டுமே, யார் வேண்டாம் என்றது?

அதற்காக ஒன்பது கூட்டம் போட்டார். ஒன்பதிலும் போண்டா நன்றாக இருந்தது. ஒவ்வொன்றிலும் முருகேசன் என்ற கற்பனை நோயாளி திரையில் வருவார், அவருடைய ரத்தம் உரிய நேரத்தில் எங்கள் லேபுக்கு வரும், ரிசல்ட் பச்சையாக எரியும், மருந்து ஏறும், குணமாகிவிடுவார். ஒன்பது தடவை குணமான ஒரே கேன்சர் நோயாளி அவர்தான். கடைசியில் கீமோ வார்டின் தலைமை நர்ஸ் சாஜிதா பேகத்தின் பக்கம் திரும்பி, "எப்படிங்க மேடம்?" என்பார்.

பத்தொன்பது வருஷமாக அந்த வார்டைக் கட்டி மேய்ப்பவர் சாஜிதாம்மா. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே? "நல்லா இருக்குங்க சார்" என்பார். மூச்சு விடுவார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. வெளியூர்க்காரங்கெல்லாம் அவங்க ஊர்லயே ரத்தம் பாத்துட்டு வருவாங்க. அந்த ரிசல்ட்ட இதுல எங்கீங்..."

"சூப்பருங்க மேடம்!" லேப்டாப் மூடிவிடும். அன்றைய அறிக்கையில், 'நர்ஸுகள் முழுத் திருப்தி' என்று ஏறிவிடும். ஒன்பது கூட்டம், ஒன்பது திருப்தி.

அந்த வெளியூர் ரிசல்ட்டுகள் அதுவரை எங்கே இருந்தன? சாஜிதாம்மாவின் நீல அட்டை நோட்டில். பொள்ளாச்சி, தாராபுரம், எங்கிருந்து லேப்காரர் போன் பண்ணினாலும் அதில் எழுதிக்கொள்வார். யாருக்கு மருந்து நிற்க வேண்டும், எந்த டாக்டரிடம் கேட்க வேண்டும், எல்லாம் அதில். சிலதை அடித்துத் திருத்தி, சிலதைச் சுற்றி வட்டம் போட்டு, காப்பிக் கறையோடு அது பாட்டுக்கு வேலை செய்தது.

சாப்ட்வேருக்குத் திறப்பு விழா ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் தீபக் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். "இருங்க சார், இந்த வாரத்து ஆளுகள மட்டும் எழுதிக்கிறேனுங்க" என்றார் சாஜிதாம்மா. "பழக்கத்த விடணுமுங்க மேடம்" என்றார் அவர். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். 'காகிதக் காலத்தின் கடைசி நோட்டு' என்று தலைப்பு வேறு. வருகிறவர்கள் சிரிக்க வேண்டும் என்று, உள்ளதிலேயே அடித்தல் திருத்தல் அதிகமான, முந்தின நாள் பக்கத்தைத் திறந்து வைத்தார். நோயாளியின் ரகசியம் காக்க நர்ஸுகளுக்கு ஆளுக்கு மூன்று பாஸ்வேர்டு கொடுத்த அதே மனிதர்! நானும் கைதட்டினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் தாராபுரம் பக்கத்திலிருந்து மாரியாத்தாள் நாலாவது கீமோவுக்கு வந்தார். கூட அவர் கணவர் பாலுசாமி, தோட்டம் வைத்து விவசாயம் செய்பவர். ஊர் லேபில் எடுத்த ரத்த ரிசல்ட்டை நீட்டினார். வரவேற்பில் இருந்த பெண், "இனிமே பேப்பர் வாங்கறதில்லைங்க. எல்லாம் சிஸ்டத்துலயே வந்துரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இங்கிலீஷில் இருந்த அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் பாலுசாமி.

திரையில் மாரியாத்தாள் பெயருக்கு நேரே பச்சை. மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் லேபில் எடுத்த ரத்தத்தின் பச்சை. கீமோ டாக்டர் சுந்தரராஜுலு வேறு மாடியிலிருந்து அந்தப் பச்சையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பார்மசி அதைப் பார்த்து மருந்தைக் கலந்து அனுப்பியது. எல்லோரும் ஒரே திரையில் சேர்ந்துவிட்டார்களா இல்லையா? வார்டில் அன்று நாற்பது பேர். இதில் யாருக்கோ கிட்னி கோளாறு என்று திங்கட்கிழமை போன் வந்ததே, யாருக்கு என்று, கீழே போய் நோட்டைப் பார்க்க நேரமில்லாமல் சாஜிதாம்மா தவித்துக்கொண்டே ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

கீழே பாலுசாமிக்குப் பொழுது போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் என்னவோ தமிழில் எழுதியிருக்கிறதே என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"ஏனுங் அம்மணி, இந்தப் பொட்டிக்குள்ள எங்கூட்டுக்காரி பேரு இருக்குதுங்க."

"அது சும்மா பார்வைக்குங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

"இல்லீங். 'மாரியாத்தாள், தாராபுரம். ரசாக் லேப் போன். கிட்னி உப்பு மிக அதிகம். டாக்டரைக் கேட்காமல் மருந்து ஏற்றாதே'ன்னு போட்டிருக்குதுங்க. மேல இப்ப மருந்துதான ஏத்தறாங்க?"

அறுபத்தெட்டு வயது மனிதர் லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி. வரவேற்பில் ஒரு வேலையாக வந்து நின்ற நானும் அவர் பின்னால் ஓடினேன். மருந்துப் பை தொங்கிவிட்டது, குழாய் மாட்டியாகிவிட்டது, திருகைத் திறப்பதுதான் பாக்கி. பாலுசாமி தன் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார். சாஜிதாம்மா அதைப் பார்த்தார், மருந்துப் பையைக் கழற்றினார், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்த மருந்து ஏறியிருந்தால் இருந்த கிட்னியும் போயிருக்கும் என்றார் பிறகு ஓடிவந்த டாக்டர்.

"அப்ப இன்னைக்கு வாந்தி வராதுங்களா அம்மணி? போறப்ப ஒரு தோசை திங்கலாமா?" என்று கேட்டார் மாரியாத்தாள்.

தீபக்குக்கு விஷயம் போயிற்று. வந்தார். அதே புன்னகை. பெட்டியைத் திறந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பக்கத்தை மட்டும் புரட்டி வைத்துப் பூட்டினார். பிறகு கையில் ஒரு டேப்லெட்டோடு, கீழே வந்து உட்கார்ந்திருந்த பாலுசாமியிடம் போய்க் குனிந்தார். "ஐயா, நம்ம புது சிஸ்டம் எப்படிங்க இருக்குது? உங்க கருத்துத்தானுங்க எங்களுக்கு முக்கியம்."

பாலுசாமியின் மனைவி தப்பித்ததே மயிரிழையில். ஆனாலும் எங்கள் மண்ணின் மரியாதை எங்கே போகும்? "நல்லா இருக்குதுங்க" என்றார். மூச்சு விட்டார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க தம்பி..."

தம்பி அதற்குள் ஐந்து நட்சத்திரத்தை அழுத்திவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

சாஜிதாம்மா அன்று மத்தியானமே ஒரு புது நோட்டு வாங்கினார். அது பீரோவுக்குள், போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது. தீபக்கிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் யாரிடமோ எதையோ நீட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லா இருக்குங்க" என்றார். உங்களுக்கு முகமெல்லாம் பல். அதற்கப்புறமும் அவர் வாயைத் திறந்தார். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?